பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு





நம் பிள்ளைகள் நற்குணமுடையோராக வளர வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் இரு வேறு கருத்துக் கிடையாது. அதற்காகவே அவர்களைக் குர்ஆன் மத்ரஸாவுக்கு அனுப்புகின்றோம். ஞாயிறுதோறும் அஹதிய்யா வகுப்புக்கு அழைத்துச் செல்கின்றோம். பாடசாலையில் இஸ்லாம் பாடத்திற்கு நல்ல புள்ளி பெற்றால் மகிழ்கின்றோம். உண்மை பேசுதல், வாக்கு மாறாமை, அமானிதம் பேணல் ஆகிய சொற்கள் அவர்களுடைய கொப்பிகளில் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும் பிள்ளை இப்பாடங்களைத் தொடங்குவது கொப்பியைத் திறக்கும் நாளுக்கு நெடுங்காலம் முன்பாகும். அலிஃப், பா, தா என்னும் எழுத்துக்களை அறியுமுன்னரே, உம்மாவும் வாப்பாவும் தன்னிடம் சொல்வது நடக்கின்றதா, இல்லையா என்று அது கவனிக்கத் தொடங்கிவிடுகின்றது. உண்மை என்றால் என்ன என்பதை அந்தக் கவனிப்பிலிருந்தே அது கற்றுக்கொள்கின்றது.

ஆகவே, பிள்ளைகளுக்குப் புகட்ட வேண்டிய பண்புகள் பலவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு எடுத்து நோக்குவோம். சிறு பிள்ளையிடம் சொன்ன சொல்லை நாம் காப்பாற்றுவதே அது. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்விடயத்தின் மீதே வாய்மை, பொறுமை, நம்பிக்கை ஆகிய மூன்றும் கட்டப்படுகின்றன.

ஒரு தாயும் சில பேரீச்சம் பழங்களும்

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) அவர்கள் தமது சிறு பராயத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அறிவித்துள்ளார்கள். அபூதாவூத் என்னும் ஹதீஸ் கிரந்தத்தில் அது பதிவாகியுள்ளது. ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்த சமயம், தாயார் தம் மகனை அருகில் அழைத்தார். வந்தால் ஒன்று தருவதாகவும் கூறினார். இதனைச் செவியுற்ற நபியவர்கள், பிள்ளைக்கு எதைக் கொடுக்க எண்ணினீர் என்று அத்தாயிடம் வினவினார்கள். பேரீச்சம் பழம் கொடுக்க எண்ணியதாக அவர் பதிலளித்தார். அவர் எதனையும் கொடுக்காதிருந்தால் அவர் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்பதை அப்போது நபியவர்கள் அவருக்கு உணர்த்தினார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். அங்கே வியாபார ஒப்பந்தம் ஏதும் நடைபெறவில்லை. நீதிமன்றச் சாட்சியம் எதுவும் இல்லை. ஒரு தாய் தன் பிள்ளையை அழைக்கும்போது நாள்தோறும் எல்லா வீடுகளிலும் சொல்லப்படும் ஒரு வார்த்தை மாத்திரமே அங்கு சொல்லப்பட்டது. அந்த வார்த்தைக்கும் கணக்கு உண்டு என்று நபியவர்கள் காட்டினார்கள். வாக்குப் பெறுபவரின் வயது குறைந்தால் வாக்கின் கனமும் குறைந்துவிடும் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. அச்சிறுவர் வளர்ந்து பெரியவரான பின்பும் அந்நிகழ்வை மறக்காது எடுத்துச் சொன்னார் என்பதும் நமக்கு ஒரு படிப்பினையாகும். தம் முன்னிலையில் பேசப்பட்டவற்றைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நாம் எண்ணுவது எத்துணை தவறானது!

நம் வீடுகளில் வழங்கும் மூவகைப் பொய்கள்

பொய் பேசுவது பாவம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். ஆனால் அன்றாட வசதிக்காக நாமே அவர்களிடம் கூறும் பொய்களைப் பொய் என்று கணிப்பதில்லை. அவற்றை மூன்றாக வகுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, ஆசை காட்டும் பொய். அழுகையை நிறுத்தினால் ஐஸ்கிறீம் வாங்கித் தருவேன், இந்தச் சோற்றைச் சாப்பிட்டால் கடற்கரைக்குக் கூட்டிச் செல்வேன், புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் சைக்கிள் வாங்கித் தருவேன் என்கின்றோம். அழுகை நின்றதும், சோறு முடிந்ததும், பரீட்சை கடந்ததும் சொன்னது மறந்து போகின்றது. நாம் மறந்துவிடுகின்றோம், பிள்ளை மறப்பதில்லை.

இரண்டாவது, பயங்காட்டும் பொய். உறங்காவிட்டால் பேய் வரும், குழப்படி செய்தால் பொலிஸ் பிடித்துச் செல்லும், அடம் பிடித்தால் டொக்டர் ஊசி போடுவார் என்கின்றோம். இதனால் விளையும் தீங்கு இரு மடங்கானது. பேய் வராத இரவுகள் பல கழிந்த பின்னர் உம்மாவின் வார்த்தைக்குப் பொருளில்லை என்பதைப் பிள்ளை அறிந்துகொள்கின்றது. அத்துடன், வழி தவறினால் உதவி கேட்க வேண்டிய பொலிஸ் உத்தியோகத்தரையும், நோயுற்றால் நாட வேண்டிய வைத்தியரையும் கண்டு அஞ்சி ஒதுங்கவும் பழகுகின்றது.

மூன்றாவது, பிள்ளையைக் கூட்டாளியாக்கும் பொய். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கின்றார். வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்லும்படி பிள்ளையை அனுப்புகின்றோம். கையடக்கத் தொலைபேசி ஒலிக்கின்றது. வீட்டிலிருந்தவாறே பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகக் கூறுகின்றோம். அருகிலிருக்கும் பிள்ளை அனைத்தையும் கேட்டுக்கொண்டிருக்கின்றது. மூன்றினுள்ளும் இதுவே மிகக் கொடியது. முதலிரண்டிலும் பிள்ளை பொய்யைக் கேட்டது. இங்கோ அதன் நாவினாலேயே பொய் சொல்லப்படுகின்றது. பேசினால் பொய்யுரைப்பது, வாக்களித்தால் மாறு செய்வது, நம்பினால் மோசடி செய்வது ஆகிய மூன்றையும் நயவஞ்சகத்தின் அடையாளங்களாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஒரு தொலைபேசி அழைப்பின் அசௌகரியத்தைத் தவிர்ப்பதற்காக அவற்றுள் ஒன்றை நாமே பிள்ளைக்குப் பயிற்றலாமா?

ஆய்வுகள் காட்டும் உண்மை

பெரியவர்களின் பொய் பிள்ளைகளை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை அறிவியல் ஆய்வாளர்களும் சோதித்துள்ளனர். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2014 ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 186 பிள்ளைகள் பங்குபற்றினர். அவர்களுள் ஒரு சாராரிடம், பக்கத்து அறையில் பெரிய பாத்திரம் நிறைய இனிப்பு இருப்பதாகக் கூறி அழைத்து வந்து, பின்னர் அது பொய் என்று சொல்லப்பட்டது. மற்றைய சாராரிடம் அவ்வாறு பொய் கூறப்படவில்லை. அதன் பின், விளையாட்டுப் பொருளின் ஒலியை மட்டும் கேட்டு அது என்னவென்று கூறும் விளையாட்டு நடைபெற்றது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கூறிவிட்டு ஆய்வாளர் சிறிது நேரம் வெளியே சென்றார்.

பாடசாலை செல்லும் வயதுப் பிள்ளைகளிடம் வேறுபாடு தெளிவாகத் தென்பட்டது. பொய் சொல்லப்படாதவர்களுள் ஏறத்தாழ 60 வீதமானோர் திரும்பிப் பார்த்தனர். பார்த்தவர்களுள் ஏறத்தாழ 60 வீதமானோர் பார்க்கவில்லை என்று பொய் கூறினர். பொய் சொல்லப்பட்டவர்களுள் 80 வீதமளவினர் பார்த்தனர். அவ்வாறு பார்த்தவர்களுள் 90 வீதமளவினர் பொய் கூறினர். இனிப்பைப் பற்றிய ஒரேயொரு பொய்யின் விளைவு இது. அதுவும் முன்பின் அறியாத ஒருவர் கூறிய பொய். எனில், நாள்தோறும் பெற்றோரே கூறும் பொய்களின் விளைவு யாதாயிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பொறுமையைப் பற்றிய மற்றோர் ஆய்வும் நம் கவனத்திற்குரியது. ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுக்குட்பட்ட 28 பிள்ளைகளைச் சமமாக இரு குழுவினராகப் பிரித்தனர். படம் வரைவதற்கு நல்ல பொருட்கள் கொண்டு வருவதாக இரு குழுவினரிடமும் கூறப்பட்டது. ஒரு குழுவினருக்கு வாக்கு நிறைவேற்றப்பட்டது. மற்றைய குழுவினரிடம் பொருட்கள் இல்லையென்று கையை விரித்துவிட்டனர். அதன் பின் ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் ஓர் இனிப்பு வைக்கப்பட்டது. 15 நிமிடம் உண்ணாது பொறுத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று கூறப்பட்டது. வாக்கு நிறைவேறக் கண்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்களோ சராசரியாக 3 நிமிடமே பொறுத்தனர். முதற் குழுவின் 14 பேரில் 9 பேர் முழு நேரமும் காத்திருக்க, மற்றைய குழுவில் ஒரே ஒருவர்தான் காத்திருந்தார்.

என் மகனுக்குப் பொறுமையே கிடையாது, கேட்டது உடனே வேண்டும் என்கின்றான் என்று முறையிடும் பெற்றோர் பலர். அவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். காத்திருந்தவர்க்குக் கிடைக்கும் என்பதைக் கண்டறிந்த பிள்ளையே காத்திருக்கும். நாளை என்று சொல்லப்பட்ட எதுவும் ஒருபோதும் வந்து சேராத வீட்டில், இன்றே வேண்டும் என்று அடம் பிடிப்பது பிள்ளையின் அறிவுக்கு எட்டிய நியாயமான முடிவாகிவிடுகின்றது. ஸப்ர் எனும் பொறுமையைப் போதிக்க விரும்பும் பெற்றோர், முதலில் தமது நாளையை நம்பத்தக்கதாக ஆக்க வேண்டும்.

இன்ஷா அல்லாஹ் என்னும் சொல்லின் கண்ணியம்

இவ்விடத்தில் நாம் வெட்கத்துடன் சிந்திக்க வேண்டிய ஒரு விடயமும் உண்டு. எதிர்காலத்தில் ஒன்றைச் செய்வதாகக் கூறும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துக் கூறுமாறு ஸூரா அல்கஹ்ஃபின் 23 ஆம், 24 ஆம் வசனங்கள் பணிக்கின்றன. செய்வதற்கு உறுதி பூண்டவன், தன் உறுதிக்கும் மேலானது இறை நாட்டம் என்று பணிவுடன் ஒப்புக்கொள்ளும் சொல் அது. ஆனால் பல வீடுகளில் அது எவ்வாறு பயன்படுகின்றது? செய்ய எண்ணமில்லாத காரியத்திற்கு மறுப்புக் கூற மனமில்லாதபோது நாம் இன்ஷா அல்லாஹ் என்கின்றோம். சில காலம் சென்றதும், வாப்பா இன்ஷா அல்லாஹ் என்றால் இல்லை என்றே பொருள் எனப் பிள்ளை தானாகவே விளங்கிக்கொள்கின்றது. இறைவனின் திருநாமம் அமைந்த ஒரு சொல், பிள்ளையின் உள்ளத்தில் சாக்குப்போக்காகப் பதிந்துவிடுகின்றது. இயலாததை இயலாது என்று அன்பாகக் கூறிவிடுங்கள். செய்ய உறுதி கொண்டவற்றுக்கே இன்ஷா அல்லாஹ் கூறுங்கள். கூறியபின் அதனை நிறைவேற்ற முழு முயற்சி எடுங்கள்.

கடல் கடந்து வாழும் பெற்றோருக்கு

குடும்பத்தின் வாழ்வாதாரத்திற்காகச் சவூதி, குவைத், கட்டார் முதலிய நாடுகளுக்குச் சென்று உழைக்கும் தாய்மாரும் தந்தைமாரும் நம் சமூகத்தில் அநேகர். தொலைபேசியில் பிள்ளை அழும்போது, அதனைத் தேற்றுவதற்காக, அடுத்த மாதம் வந்துவிடுவேன், பெருநாளைக்கு வந்துவிடுவேன் என்று கூறிவிடுவதுண்டு. அது பாசத்தினால் வருவது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கின்றது. பெருநாள் வருகின்றது, உம்மா வரவில்லை. இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தால், பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும். அது ஆறுதலடைந்துவிட்டது என்று நாம் நினைக்கின்றோம். நம்புவதைத்தான் அது நிறுத்தியிருக்கின்றது.

உங்கள் கைக்கு எட்டாததை வாக்களிக்காதீர்கள். ஒப்பந்தம் எப்போது முடிகின்றது என்பதை உள்ளபடி கூறுங்கள். உம்மும்மாவைக் கொண்டு நாட்காட்டியில் குறித்து வைக்கச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் அஸருக்குப் பின் பேசுவேன் என்பது போல், உங்களால் இயன்ற சிறிய வாக்கொன்றைக் கொடுத்து, அதைத் தவறாது காப்பாற்றுங்கள். தொலைவிலிருக்கும் தாயின் சொல் தவறாதது என்னும் உறுதி, அவர் அனுப்பும் விளையாட்டுப் பொருட்களை விடப் பிள்ளைக்குப் பெரும் செல்வமாகும்.

மரணத்தையும் இவ்வாறே மறைக்காதீர்கள். மூத்தவர் ஒருவர் வபாத்தானால், அவர் பயணம் போயிருக்கின்றார், வந்துவிடுவார் என்று பிள்ளையிடம் சிலர் கூறுவர். வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைக் கூறி, அவருக்காகத் துஆச் செய்யப் பழக்குவதே பிள்ளைக்கு உண்மையான ஆறுதலைத் தரும். எல்லாவற்றையும் எல்லா வயதிலும் விளக்க வேண்டியதில்லை. வளர்ந்தபின் சொல்கின்றேன் என்பதும் உண்மையான ஒரு பதில்தான்.

பிள்ளை பொய் சொன்னால்

இத்தனைக்குப் பின்னும் பிள்ளைகள் சில வேளை பொய் சொல்லவே செய்வர். மூன்று, நான்கு வயதளவில் பிள்ளைகள் பொய் கூறத் தொடங்குவது வளர்ச்சியின் ஓர் இயல்பான கட்டமாகும். பிறர் மனத்திலுள்ளது தன் மனத்திலுள்ளதிலிருந்து வேறானது என்று பிள்ளை விளங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. தோட்டத்தில் சிங்கத்தைக் கண்டேன் என்று மூன்று வயதுப் பிள்ளை சொன்னால் அது கற்பனை, தண்டிப்பதற்குரிய குற்றமன்று.

உடைத்ததை மறைக்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் என்ன செய்வது? பிரம்பை எடுப்பதே நம் வழக்கம். மேற்கு ஆபிரிக்காவில் இரு பாடசாலைகளைச் சேர்ந்த சிறு பிள்ளைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2011 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அதன் பலனைக் காட்டுகின்றது. ஒரு பாடசாலையில் சிறு தவறுக்கும் அடி விழுந்தது. மற்றையதில் கண்டிப்பு இருந்தது, அடி இருக்கவில்லை. அடிக்கும் பாடசாலையின் பிள்ளைகளே அதிகமாகப் பொய் கூறினர். அகப்பட்டுக்கொள்ளாமல் பொய்யைத் தொடரும் சாமர்த்தியமும் அவர்களிடமே மிகுந்திருந்தது. அடி அவர்களுக்கு உண்மையைக் கற்றுக் கொடுக்கவில்லை. ஒளிக்கும் திறமையையே வளர்த்திருந்தது.

ஹிஜ்ரி 505 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில், பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று கூறி, அதனைப் பண்படுத்தும் முறையை விரிவாக விளக்கியுள்ளார்கள். நற்செயலைக் கண்டால் பாராட்டி மகிழ்விக்க வேண்டும். பிள்ளை தவறொன்றைச் செய்து வெட்கத்தினால் மறைக்குமாயின், முதல் முறை கண்டும் காணாதது போல் விட்டுவிட வேண்டும். மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். ஓயாது ஏசிக்கொண்டிருந்தால் ஏச்சுக் கேட்பது பிள்ளைக்குப் பழகிப்போய், அறிவுரையின் மதிப்புக் குன்றிவிடும். இவையே அன்னாரின் வழிகாட்டலின் சாரம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இவ்வழிகாட்டலுக்கும் மேற்கூறிய ஆய்வுக்கும் இடையிலுள்ள ஒற்றுமை சிந்திக்கத்தக்கது.

எனவே, பிள்ளை தன் தவறை ஒப்புக்கொண்டால் அந்த உண்மைக்காக அதனைப் பாராட்டுங்கள். உடைந்த கண்ணாடியை நீங்கள் பாதுகாப்பாக அகற்றும்போது கூட இருக்கச் செய்யுங்கள். சிந்தியதைத் துடைக்கச் சொல்லுங்கள். தவறுக்குப் பரிகாரம் உண்டு, உண்மைக்குத் தண்டனை இல்லை என்பது அதன் மனத்தில் பதியட்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

நானாமாரே, ராத்தாமாரே! வீட்டிலுள்ள தம்பி தங்கையர் பெற்றோரை விட உங்களையே அதிகம் பின்பற்றுவர். விளையாட அழைத்துச் செல்வதாகக் கூறிவிட்டுக் கண்ணில் படாமல் நழுவிச் செல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைக்கு அது வேடிக்கையன்று. நபி இஸ்மாயீல் (அலை) அவர்களைப் புகழ்ந்துரைக்கும்போது, வாக்குறுதியில் உண்மையாளராக இருந்தமையையே அல்குர்ஆன் சிறப்பித்துக் கூறுகின்றது. நபி (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுமுன்னரே அல்அமீன் என்று மக்காவாசிகளால் அழைக்கப்பட்டார்கள். வீட்டிலுள்ள சின்னஞ்சிறார் உங்களை அப்பெயருக்குரியவராகக் கருதுவார்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இன்றே தொடங்க வேண்டியவை

குறைவாக வாக்களியுங்கள், கொடுத்ததை நிறைவேற்றுங்கள். நிறைவேற்ற முடியாமற் போனால், பிள்ளை கேட்குமுன் நீங்களே சென்று காரணத்தைக் கூறி வருத்தம் தெரிவியுங்கள்; மாற்று நாளொன்றைக் குறித்து, அதையேனும் தவறவிடாதீர்கள். பிள்ளையிடம் வருத்தம் தெரிவிப்பதனால் பெற்றோரின் மதிப்புக் குறையாது. பொருளற்ற பயமுறுத்தல்களை விட்டுவிட்டு, மெய்யான விளைவை மட்டும் கூறுங்கள். உங்களுக்காக ஒருபோதும் பிள்ளையைப் பொய் சொல்ல அனுப்பாதீர்கள்.

இவை அனைத்தும் எதற்காக? இன்று ஐந்து வயதான பிள்ளை நாளை பதினைந்து வயதை அடையும். தீய நண்பன் ஒருவன் போதைப்பொருளை நீட்டும்போதோ, தொலைபேசி வழியாக எவரேனும் மிரட்டும்போதோ, அது யாரிடம் வந்து சொல்லும்? உம்மாவின் சொல் மெய்யானது, வாப்பாவிடம் உண்மையைச் சொன்னால் காப்பாற்றுவார் என்று சிறு வயதில் கண்ட பிள்ளை உங்களிடம் ஓடி வரும். காணாத பிள்ளை மறைக்கும். அந்த நாளில் உங்கள் வாசலுக்கு அது வருமா, வராதா என்பதை இன்றைய டொபியும், இன்றைய கடற்கரைப் பயணமும் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன.

ஸூரா அத்தஹ்ரீமின் 6 ஆம் வசனத்தில் அல்லாஹுதஆலா விசுவாசிகளை விளித்து, தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரகிலிருந்து காத்துக்கொள்ளுமாறு கட்டளையிடுகின்றான். அங்கே தம்மை என்பதே முதலில் அமைந்துள்ளது. பிள்ளைகளின் நாவைச் சீர்படுத்த விழையும் நாம், நம் நாவிலிருந்து தொடங்குவோமாக!

வல்ல நாயன் அல்லாஹ், நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு வாய்மையின் முன்மாதிரியாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.